பிஸ்டன் இல்லாத மோட்டார் சைக்கிளுக்கு மறுவாழ்வு

மோட்டார் சைக்கிள் என்றால் அதற்குள் பிஸ்டன் இருக்கும். அது சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும். அந்த ஓட்டந்தான் சக்கரத்தைச் சுழற்றும். பட்டறை வாசலில் ஒரு நாள் நின்று வேடிக்கை பார்த்த பையனும் இவ்வளவைச் சொல்லிவிடுவான். ஆனால் பிஸ்டனும் இல்லாமல், வால்வும் இல்லாமல், ஒரு முக்கோண உலோகத் துண்டு சுழன்று சுழன்றே 230 கிலோ எடையுள்ள வண்டியை ஓட்டிச் செல்லும் என்றால் நம்புவீர்களா, வாசகர்களே?

அப்படி ஒரு வண்டி உண்டு. ஜப்பானின் சுசூக்கி நிறுவனம் 1974 முதல் 1976 வரை செய்த ஆர்.இ.5 என்பது அதன் பெயர். ஆறாயிரத்துச் சொச்சம் வண்டிகளே வெளிவந்தன. பிறகு நிறுவனம் அந்த முயற்சியையே விட்டுவிட்டது. ஆனாலும் ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், கொட்டகையிலும் கிடங்கிலும் துருப்பிடித்துக் கிடக்கும் ஆர்.இ.5 வண்டிகளைத் தேடி எடுத்து உயிர் கொடுக்கிறவர்கள் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். சிலர் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே அதைத் திரும்பச் செய்கிறார்கள். சிலர் தங்கள் மனத்துக்குப் பிடித்தபடி மாற்றி அமைக்கிறார்கள்.

மாற்றி அமைக்கிறவர்களுக்குத்தான் இதில் சோதனை அதிகம். பார்வைக்கு அசிங்கமாகவும் அனாவசியமாகவும் தோன்றும் பாகங்கள் இந்த வண்டியில் நிறைய உண்டு. “இது எதற்கு?” என்று கழற்றிப் போடக் கை பரபரக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு தொல்லையைத் தீர்க்கவே வைக்கப்பட்டவை. அந்தத் தொல்லை என்னவென்று அறியாமல் கழற்றியவர், வண்டியை அழகு செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அதன் உயிரையே எடுத்துவிடக்கூடும். ஆகவே, முதலில் அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஆட்டுக்கல்லும் குழவியும்

ஆட்டுக்கல்லில் மாவரைக்கும்போது குழவி எப்படிச் சுற்றுகிறது? குழியின் சுவரைத் தொட்டுக்கொண்டே வட்டமிடுகிறது; அதே நேரத்தில் தானும் சுழல்கிறது. ஆர்.இ.5 எஞ்சினின் உள்ளேயும் ஏறக்குறைய அப்படித்தான். பக்கங்கள் சற்று உப்பிய முக்கோணமான சுழலி ஒன்று, ஒரு கூட்டுக்குள் வட்டமிட்டபடி சுழல்கிறது. அந்தக் கூடு முழு வட்டமாக இராது. நிலக்கடலைத் தோட்டைப் போல நடுவில் இலேசாக இடுப்புச் சிறுத்திருக்கும்.

சுழலியின் மூன்று முனைகளும் எப்போதும் கூட்டின் சுவரை உரசிக்கொண்டே செல்கின்றன. ஆகவே சுழலிக்கும் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகின்றன. சுழலி நகர நகர, ஓர் அறை விரியும். பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி உள்ளே இழுக்கப்படும். பின்னர் அதே அறை சுருங்கும்; ஆவி நெருக்கப்படும். பிளக் பொறி தட்டும். ஆவி வெடித்து விரிந்து சுழலியைத் தள்ளும். கடைசியில் புகை வெளியேறும். சாதாரண எஞ்சினில் ஒரே சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் நான்கு வேலைகளும், இங்கே கூட்டைச் சுற்றி நான்கு இடங்களில் நடக்கின்றன. சுழலி ஒரு முறை சுற்றுவதற்குள் நடுத்தண்டு மூன்று முறை சுற்றிவிடும்.

மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வரும் பாகம் எதுவும் இல்லாததால் ஆட்டம் குறைவு. ஓட்டம் பட்டுப்போல் இருக்கும். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் பலர் பிஸ்டனுக்கு இனி விடைகொடுக்க வேண்டியதுதான் என்று எண்ணியதில் வியப்பில்லை.

பட்டம் பெறாத ஒருவரின் கனவு

இந்த எஞ்சினைக் கனவு கண்டவர் பெலிக்ஸ் வாங்கல். ஜெர்மனியின் லார் என்ற ஊரில் 1902-இல் பிறந்தவர். தகப்பனார் வனத்துறையில் வேலை பார்த்தவர். முதல் உலகப் போரில் உயிரிழந்தார். வாங்கல் பல்கலைக்கழகத்துப் படியேறிப் பட்டம் பெற்றவர் அல்லர். ஹைடல்பெர்க் நகரில் புத்தக நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே இயந்திரங்களைப் பற்றித் தாமாகக் கற்றார். 1929-இல் தம் முதல் காப்புரிமையைப் பெற்றார். கிட்டப்பார்வை மிகுந்தவர் என்பதால் கார் ஓட்டும் உரிமம் அவரிடம் இருந்ததே இல்லை!

நெக்கார்சுல்ம் நகரிலிருந்த என்.எஸ்.யூ. நிறுவனத்தில் 1957 பிப்ரவரி முதல் நாள் அவருடைய எஞ்சின் முதன்முதலாக ஓடியது. அந்த முதல் எஞ்சினில் சுழலியோடு கூடும் சேர்ந்து சுற்றியது. வாங்கலுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் பிளக்கை மாற்ற வேண்டுமானால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். அதே நிறுவனத்துப் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே, கூட்டை அசையாமல் நிறுத்திச் சுழலியை மட்டும் சுற்றவிட்டார். வாங்கலுக்கு அதில் மனக்குறைதான். ஆயினும் உலகம் எடுத்துக்கொண்டது பாஷ்கே மாற்றிய எஞ்சினைத்தான். ஒரு பொருளை மாற்றக்கூடாது என்ற சட்டம் எதுவும் இல்லை. அதன் உட்பொருளைக் கரைத்துக் குடித்தவர் மாற்றினால், அந்த மாற்றமே அதற்கு வாழ்வாகிறது.

ஆனால் தொல்லை முனைகளில் இருந்தது. சுழலியின் மூன்று முனைகளிலும் மெல்லிய தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். பிஸ்டனுக்கு ரிங் எப்படியோ, சுழலிக்கு இந்த முனைத் தகடுகள் அப்படி. அவை தேய்ந்தாலோ உடைந்தாலோ ஓர் அறையின் ஆவி அடுத்த அறைக்குள் கசிந்து, எஞ்சின் வலுவிழந்துவிடும். என்.எஸ்.யூ. 1967-இல் வெளியிட்ட ரோ 80 கார், 1968-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. ஆனால் முனைத் தகடுகள் தேய்ந்து எஞ்சின்கள் திரும்பி வந்த வண்ணம் இருந்தன. உத்தரவாதச் செலவு நிறுவனத்தை நொடிக்கச் செய்தது. 1969-இல் அது வோக்ஸ்வேகனின் கைக்குப் போனது.

ஜப்பானில் மாஸ்டா நிறுவனத்தின் கெனிச்சி யமமோட்டோவும் அவருடைய குழுவினரும் இதே தொல்லையோடு போராடினார்கள். முனைத் தகடு ஓடும்போது அதிர்ந்து, கூட்டின் சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிசாசின் நகக்கீறல்’. தகட்டின் பொருளையும் வடிவத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து அதை அடக்கிய பிறகே, 1967-இல் காஸ்மோ காரை வெளியிட்டார்கள்.

கெட்ட நேரத்தில் பிறந்த பிள்ளை

சுசூக்கி 1970 நவம்பரில் என்.எஸ்.யூ.விடம் உரிமம் வாங்கியது. யமஹாவும் 1972-இல் டோக்கியோ கண்காட்சியில் இத்தகைய வண்டி ஒன்றைக் காட்டியது. ஆனால் விற்பனைக்கு விடவில்லை. ஹோண்டாவும் கவாசாக்கியும் சோதனையோடு நின்றுகொண்டன. ஜப்பானிய நிறுவனங்கள் நான்கில் சுசூக்கி மட்டுமே துணிந்து கடைக்குக் கொண்டுவந்தது.

கொண்டுவந்த நேரந்தான் சரியில்லை. 1973-ஆம் ஆண்டு டோக்கியோ கண்காட்சியில் ஆர்.இ.5 காட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில்தான் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்து, உலகமெங்கும் பெட்ரோல் விலை ஏறத் தொடங்கியது. சுழலி எஞ்சினோ பெட்ரோல் குடிப்பதில் கெட்ட பெயர் எடுத்தது! 497 சி.சி. கொண்ட அந்த எஞ்சின் 62 குதிரைத்திறன் தரும் என்றது நிறுவனம். ஆனால் 1969 முதலே சந்தையில் இருந்த ஹோண்டாவின் 750 சி.சி. வண்டி அதைவிடச் சற்றுக் கூடுதலான ஆற்றலை, எல்லா மெக்கானிக்குகளுக்கும் பழகிய எஞ்சினைக் கொண்டே தந்தது. வாங்க வந்தவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பழகியதையே வாங்கிப் போனார்கள்.

வண்டியின் தோற்றமும் பலருக்குப் பிடிபடவில்லை. வோக்ஸ்வேகன் கோல்ப் காரை வடிவமைத்த இத்தாலியர் ஜொர்ஜெட்டோ ஜுஜாரோதான் இதற்கும் உருவம் கொடுத்தார். வேகம் காட்டும் கருவிகளை ஓர் உருண்ட டப்பாவுக்குள் வைத்தார். சாவியைத் திருப்பினால் டப்பாவின் பச்சை மூடி கண்ணிமை போலத் திறந்துகொள்ளும். பின்விளக்கும் அதே போல உருண்டையானது. “இதென்ன, பால்மாவு டின்னா?” என்று கேலி செய்தவர்கள் உண்டு. 1976-ஆம் ஆண்டு மாதிரியில் சுசூக்கியே அவற்றை எடுத்துவிட்டு வழக்கமான உருவத்தைக் கொடுத்தது. அப்போதும் விற்பனை ஏறவில்லை. அன்று கேலிக்குள்ளான அந்த டப்பாவையும் பச்சை மூடியையும் இன்று சீரமைப்போர் சல்லடை போட்டுத் தேடுகிறார்கள்!

எல்லாம் வெப்பத்தின் வேலை

ஆர்.இ.5-ஐத் திறந்து பார்ப்பவர் முதலில் மலைத்துப் போவார். சிலிண்டரும் பிஸ்டனும் இல்லாத எஞ்சின் எளிமையாக அல்லவா இருக்க வேண்டும்? இங்கே ரேடியேட்டர், பல கேபிள்கள், இரண்டு எண்ணெய்ப் பம்புகள், இரட்டைத் தோல் போர்த்த புகைக்குழாய் என்று குவிந்து கிடக்கின்றன. இவ்வளவுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வெப்பம்.

சாதாரண எஞ்சினில், வெடிப்பு நடந்த அதே சிலிண்டருக்குள் அடுத்து குளிர்ந்த ஆவி வந்து சற்று ஆற்றிவிடும். சுழலி எஞ்சினில் அந்த வசதி கிடையாது. வெடிப்பு நடக்கும் பக்கம் எப்போதும் கொதிக்கும். ஆவி நுழையும் பக்கம் எப்போதும் குளிர்ந்திருக்கும். ரொட்டியை ஒரு பக்கம் மட்டும் கல்லில் போட்டால் அது கோணிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிக் கூடு கோணாமல் இருக்கத்தான் அதைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. முன்னால் பெரிய ரேடியேட்டர் நிற்கிறது.

சுழலிக்கோ மூன்று பக்கமும் மாறி மாறி நெருப்பு. அதன் உட்புறத்தை அடித்தொட்டியிலிருந்து வரும் எண்ணெய் குளிரவைக்கிறது. முனைத் தகடுகள் காய்ந்து உரசாமல் இருக்க, தனித் தொட்டியிலிருந்து இன்னோர் எண்ணெய் சிறிது சிறிதாக உள்ளே போய் எரிந்துவிடுகிறது. கியர் பெட்டிக்கு மூன்றாவதாக வேறோர் எண்ணெய். மூன்றும் மூன்று வேலை. ஒன்றை மறந்தாலும் வண்டி மறக்காது.

புகைக்குழாயின் கதையும் இதுதான். எரிந்து முடிவதற்குள்ளேயே ஆவி வெளியே பாய்வதால், சாதாரண வண்டியைவிடப் புகை மிகச் சூடாக வருகிறது. அதனால் குழாயின் மேல் இன்னொரு குழாயைப் போர்த்தி, முன்புறத்து வாயின் வழியாகக் காற்று இரண்டுக்கும் நடுவே ஓடும்படி செய்தார்கள். இதை அறியாத ஒருவர் மெல்லிய ஒற்றைக் குழாயை மாட்டினால், வண்டி ஒல்லியாக, அழகாகத்தான் இருக்கும். ஆனால் சில மைல்களிலேயே குழாய் நீலம் பாய்ந்துபோகும். ஓட்டுபவரின் கெண்டைக்காலும் பின்னால் அமர்ந்த மனைவியின் பாதமும் சுடும். சத்தமோ அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

கைப்பிடியைத் திருகினால் ஒரு கேபிள் மட்டும் அசைவதில்லை. கார்புரேட்டரின் தகடும், ஆவி நுழையும் வழியிலுள்ள இன்னொரு தகடும், எண்ணெய்ப் பம்பும் சேர்ந்து அசைகின்றன. மெதுவாகப் போகும்போது சிறிய வழியாகவும், விரைந்து போகும்போது பெரிய வழியாகவும் ஆவியை விடத்தான் இந்த ஏற்பாடு. இதில் ஒரு கேபிள் ஒரு நூலளவு தளர்ந்தாலும் வண்டி திக்கித் திணறும். பாவம், பழி மட்டும் எஞ்சின்மேல் விழும்.

அவசரப்பட்டு உதைக்காதீர்கள்

இத்தகைய வண்டி ஒன்று கைக்கு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? பல ஆண்டுகள் நின்ற வண்டியை வாங்கியதும் பேட்டரியைப் போட்டு ஓடுகிறதா என்று பார்க்கவே எவருக்கும் ஆசை வரும். அங்கேதான் கேடு. சும்மா நின்ற காலத்தில் முனைத் தகடுகள் கரியிலும் துருவிலும் தத்தம் பள்ளங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் பலவந்தமாகச் சுழற்றினால் தகடு உடையலாம். உடைந்த துண்டு சுழலியோடு சேர்ந்து கூட்டின் உட்சுவர் முழுவதையும் கீறிவிடும்.

அந்தச் சுவர்தான் இந்த எஞ்சினின் உயிர்நிலை. அலுமினியக் கூட்டின் உட்புறத்தில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடுத் துகள்களும் கலந்த கடினமான பூச்சு இருக்கிறது. கத்தி தீட்டும் கார்போரண்டம் கல்லும் சிலிக்கன் கார்பைடால் ஆனதுதான் என்றால் அதன் கடினம் உங்களுக்குப் புரியும். சாதாரண வண்டியில் சிலிண்டர் தேய்ந்தால் பட்டறையில் போர் போட்டு, பெரிய பிஸ்டனைப் பொருத்தி ஓட்டிவிடலாம். இதற்கு அந்த வழி இல்லை. பூச்சுக் கீறிப்போனால் வேறு கூடு தேட வேண்டும். ஆறாயிரத்துச் சொச்சம் வண்டிகளே பிறந்த குலத்தில் நல்ல கூடு எங்கே எளிதில் கிடைக்கும்? ஒரு நிமிட அவசரம் பல மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும்.

ஆகவே பிளக்கைக் கழற்றி, இலேசான எண்ணெயை உள்ளே விட்டு, நாள் கணக்கில் ஊறவிட வேண்டும். பிறகு கையால் மெதுவாகச் சுழற்ற வேண்டும். எங்கே தடுக்கிறதோ அங்கே நிறுத்திவிட வேண்டும். தடையின்றிச் சுழன்றால், அழுத்தத்தைச் சோதிக்கலாம். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண அளவுமானி, கிடைத்த அழுத்தத்தில் மிக உயர்ந்ததை மட்டும் பிடித்து வைத்துக் காட்டும். சுழலிக்கு முகங்கள் மூன்று. இரண்டு நன்றாக இருந்து ஒன்று கெட்டிருந்தாலும் அந்த மானி “எல்லாம் நலம்” என்றே சொல்லும். மூன்று முகங்களின் துடிப்பையும் தனித்தனியே காட்டும் முறையில் சோதித்தால்தான் உண்மை வெளிவரும். மூன்று துடிப்பும் ஒரே சீராக இருந்தால், எஞ்சினைப் பிரிக்காமலே மற்ற வேலைகளைத் தொடங்கலாம்.

பிரித்தே ஆக வேண்டுமானால், ஒவ்வொரு தகடும் எந்த முனையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இன்று கைத்தொலைபேசியிலேயே படம் எடுக்கும் வசதி இருக்கிறது. படி படியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். கூட்டைச் சுற்றியுள்ள தண்ணீர் வழியை அடைக்கும் வளையங்கள் இத்தனை ஆண்டுகளில் இறுகிப் போயிருக்கும். அவற்றைத் தயங்காமல் மாற்ற வேண்டும். ரப்பர் வளையந்தானே என்று கையில் கிடைத்ததை மாட்டக்கூடாது. நாம் வெட்டும் பால்மரத்து ரப்பர், டயருக்கு உயிர்நாடி. ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிக் கெட்டுவிடும். எண்ணெயும் வெப்பமும் சேரும் இடத்துக்கு அவற்றைத் தாங்கும் செயற்கை ரப்பர்தான் வேண்டும்.

பெட்ரோல் தொட்டியின் துரு, கார்புரேட்டரில் பிசின்போல் காய்ந்த பழைய பெட்ரோல், உளுத்த மின்கம்பிகள், அடைத்துப்போன ரேடியேட்டர் ஆகியவை எந்தப் பழைய வண்டிக்கும் உள்ள நோய்கள். இதற்கு மட்டும் உள்ள ஒன்று, முனைத் தகடுகளுக்கு எண்ணெய் அனுப்பும் பம்பு. அதன் குழாயில் காற்று நின்றுவிட்டால் எண்ணெய் போகாது. எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே தகடுகள் காய்ந்து தேய்ந்துகொண்டிருக்கும். வெளியே ஒரு சத்தமும் கேட்காது. குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் எண்ணெய் நகர்வதைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியைத் தெருவில் இறக்க வேண்டும்.

வீட்டிலுள்ளவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பெட்ரோலில் பாகங்களைக் கழுவும் வேலையை அடுப்படிப் பக்கம் வைத்துக்கொள்ளக் கூடாது. அடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. அந்தப் புகை ஆளை மயக்கிக் கொல்லும். அந்தக் காலத்துப் பிரேக் பட்டைகளில் கல்நார் இருந்தது. பின்சக்கர பிரேக்கைத் திறக்கும்போது தூசியை வாயால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பைக்குள் கட்டி எறிந்துவிட வேண்டும். சிறு பிள்ளைகளை அந்த நேரத்தில் அருகே விடாதீர்கள்.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது?

இனி, விருப்பப்படி மாற்றி அமைப்பவரின் கேள்விக்கு வருவோம். சீரமைக்கும் வேலையில் மூன்று வகை மாற்றங்கள் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வகை, வெளித் தோற்றம். வண்ணம், இருக்கை, கைப்பிடி, கண்ணாடி, விளக்கு முதலியன. இவற்றை மாற்றுவதால் எஞ்சினுக்குத் தீங்கில்லை. ஆனால் சட்டத்தை அறுக்காமலும், புதிதாகத் துளை போடாமலும் மாற்றினால் நல்லது. கழற்றியதை நாளை யாரேனும் திரும்ப மாட்ட விரும்பினால் அதற்கு வழி இருக்கும்.

இரண்டாம் வகை, கண்ணுக்குத் தெரியாமல் செய்யும் நன்மை. தேய்ந்துபோகும் பிளாட்டினம் பாயிண்டுகளுக்குப் பதிலாக மின்னணுப் பொறியமைப்பை வைக்கலாம். நல்ல மின்கம்பி, நல்ல டயர், புதிய பிரேக் குழாய்கள் போடலாம். இங்கும் எச்சரிக்கை தேவை. கைப்பிடியை விட்டு இறக்கத்தில் இறங்கும்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்கக்கூடாது என்பதற்காக, ஆர்.இ.5-இல் ஒன்றுவிட்டு ஒரு முறை மட்டும் பொறி தட்டும் ஏற்பாட்டைச் சுசூக்கி வைத்திருந்தது. அதனால்தான் அதில் இரண்டு பாயிண்டுகள். ஒன்று போதுமே என்று எண்ணி இன்னொன்றை விட்டுவிட்டால், வண்டி இறக்கத்தில் முரட்டுக் குதிரையாகிவிடும்.

மூன்றாம் வகை, உள்ளுறுப்பை நீக்குவது. ரேடியேட்டரைச் சிறிதாக்குவது, இரட்டைக் குழாயை ஒற்றையாக்குவது, எண்ணெய்ப் பம்பை எடுத்துவிடுவது முதலியன. பம்பை எடுத்துவிட்டால், அதற்கு ஈடாகப் பெட்ரோலிலேயே சரியான அளவு எண்ணெய் கலந்தாக வேண்டும். அதை ஒரு முறை மறந்தாலும் தகடுகள் போய்விடும். ஒன்றை எடுப்பதற்கு முன்னால், அது செய்துவந்த வேலையை இனி எது செய்யப் போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பதில் எழுத வரவில்லையென்றால், அந்தப் பாகம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

தோற்றதா இந்த எஞ்சின்?

ஆர்.இ.5 விற்பனையில் தோற்றது உண்மை. ஆனால் அதோடு சுழலி எஞ்சின் செத்துவிடவில்லை. இங்கிலாந்தின் நார்ட்டன் நிறுவனம் இரண்டு சுழலிகள் கொண்ட 588 சி.சி. வண்டிகளைச் செய்து 1980-களில் அந்நாட்டுப் போலீசாருக்கு விற்றது. அதே வழியில் வந்த நார்ட்டன் பந்தய வண்டியில் ஏறித்தான் 1992-இல் ஸ்டீவ் ஹிஸ்லாப், மேன் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தை வென்றார். அதற்கு முந்திய ஆண்டு, 1991-இல், மாஸ்டாவின் நான்கு சுழலிக் கார் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதலாவதாக வந்தது. 2023-இல்கூட அதே மாஸ்டா, மின்சாரக் காரின் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுவதற்காக ஒரு சிறிய சுழலி எஞ்சினை மறுபடி செய்யத் தொடங்கியது. தண்ணீரையும் எண்ணெயையும் குழாயையும் கொண்டு 1974-இல் சுசூக்கி தீர்க்க முயன்ற தொல்லைகளோடுதான் இவர்கள் எல்லோரும் மல்லுக்கட்டினார்கள்.

ஆர்.இ.5 நம் வீட்டு வாசலுக்கு ஒருவேளை வராமலே போகலாம். ஆனால் தாத்தா ஓட்டிய பழைய கப்சாய், அப்பா பால்வெட்டுக்குப் போய்வந்த இரண்டு ஸ்ட்ரோக் வண்டி என்று ஏதேனும் ஒன்று பல வீடுகளின் பின்புறத்தில் சாய்ந்து நிற்கிறது. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன்னால், வீட்டில் கை துருதுருவென்றிருக்கும் பிள்ளை இருந்தால் அவனிடமோ அவளிடமோ அதைக் கொடுத்துப் பாருங்கள், பெற்றோர்களே. எண்ணெய்க் கறையோடு சாப்பிட வந்தால் கையைக் கழுவச் சொல்லுங்கள். வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஓர் எஞ்சினைப் பிரித்து, ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, திரும்பப் பூட்டி ஓடவிட்ட பிள்ளைக்குக் கையில் ஒரு தொழில் வந்துவிடும்.

கூடவே ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகமும், மூடியுள்ள சில டின்களும் வாங்கிக் கொடுங்கள். கழற்றும் ஒவ்வொரு திருகாணியும் எந்த இடத்தது என்று எழுதி, டின்னில் போட்டு ஒட்டி வைக்கட்டும். நோட்டின் முதல் பக்கத்தில் வண்டியின் எண்ணையும், கழற்றத் தொடங்கிய தேதியையும் எழுதச் சொல்லுங்கள். வண்டி ஓடுகிற தேதியை எழுதக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இடம் விட்டு வைக்கட்டும்.